அவர் மேஜையில் ஒலித்த எண்

என் மகனுக்குத் தெரிந்த தொலைபேசி எண் ஒன்றே ஒன்றுதான். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஆறு வயதில் அதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தான். ஏழு முடியும்போதுதான் பத்து இலக்கங்களும் வரிசை மாறாமல் வந்தன. தினமும் மதியம் அவன் அப்பாவின் கிளினிக்குக்கு அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் வீட்டுக்கு ஓடி வருவேன். அங்கே வரவேற்பு மேஜையில் இருக்கும் போனில் அவன் எண்களை அழுத்துவான். எங்கள் சமையலறைச் சுவரில் இருந்த வெள்ளை போன் அடிக்கும். எடுத்தால் ஒரே ஒரு சொல்: "ஹோம்." அவ்வளவுதான், வைத்துவிடுவான். நான் திரும்பவும் காரை எடுத்துக்கொண்டு போய் அவனை அழைத்து வருவேன்.

அவனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. ஆட்டிசம். பேச்சு குறைவு. ஆனால் கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிப்பான். பால் டப்பா, பம்பர் ஸ்டிக்கர், மருந்துச் சீட்டு, எதையும் விடமாட்டான். நாங்கள் தமிழில் கேட்பதெல்லாம் அவனுக்குப் புரியும். பதில் ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு சொற்களாக வரும்.

நாங்கள் இருந்த ஊர் மேற்கு டெக்ஸஸில், பருத்தி வயல்களுக்கும் காற்றாலைகளுக்கும் நடுவில். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே பயிற்சி முடித்த டாக்டர்கள் இந்த நாட்டிலேயே தங்க வேண்டுமென்றால், டாக்டர் கிடைக்காத ஊர் எதிலாவது மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும் என்றொரு ஏற்பாடு உண்டு. அப்படித்தான் என் கணவர் அங்கே போனார். மூன்று வருடம் பத்தொன்பதானது. கிரீன் கார்டு வந்த பிறகும் நாங்கள் கிளம்பவில்லை. காரணம் மகன். அந்த ஊரில் அவன் எந்தக் கடைக்குள் வேண்டுமானாலும் போய், "போன், ப்ளீஸ்" என்பான். கல்லாவில் இருப்பவர் பேசாமல் போனை நகர்த்தி வைப்பார். அவன் எண்களை அழுத்துவான். நான் போய் அழைத்துக்கொண்டு வருவேன். கையில் செல்போன் கொடுத்திருந்தோம். அதிலும் பெயர்ப் பட்டியலைத் தொடமாட்டான். பத்து இலக்கங்களையும் அழுத்தினால்தான் அவனுக்கு அது போன்.

இருபத்திரண்டு வயதோடு பள்ளிக்கூடம் முடிகிறது. அதன் பிறகு அந்த ஊரில் அவனுக்குப் பகல் பொழுதில் போக இடமில்லை. அதே மாநிலத்தில், காரில் பல மணி நேரத் தொலைவில் இருக்கும் பிளானோ நகரத்தில் இவனைப் போன்ற பெரியவர்களுக்கான மையம் ஒன்றில் இடம் கிடைத்தது. வேன் வந்து அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடும். சமையல், தோட்டம், கொஞ்சம் வேலைப் பயிற்சி. என் கணவருக்கும் அங்கே வேலை கிடைத்தது. எல்லாம் கூடி வந்தது, எண்ணைத் தவிர.

புது எண் ஒன்றைக் கற்றுக் கொடுக்க நான்கு மாதம் முயன்றேன். நான் கல்யாணத்துக்கு முன் திருச்சியில் கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள். கற்பிப்பதில் எனக்குப் பொறுமை உண்டு என்று நினைத்திருந்தேன். முதல் மூன்று இலக்கங்களை ஒழுங்காக அழுத்துவான். நான்காவதில் விரல் தானாகப் பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும். ஒரு நாள் என் கையைப் பிடித்து மெதுவாக விலக்கிவிட்டு எழுந்து போய்விட்டான். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

செல்போன் கடையில் இருந்தவர் அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்றார். வீட்டு எண்ணையே செல்போனுக்கு மாற்றிக்கொள்ளலாமாம், பிறகு உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாமாம். எண்ணைக் கணினியில் போட்டார். புருவத்தைச் சுருக்கினார். மறுபடி போட்டார்.

"இந்த எண் நகராதுங்க," என்றார்.

அதற்கான காரணத்தை எங்கள் ஊர்த் தொலைபேசி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சின்ன கம்பெனி, மொத்தம் ஐந்து பேர். பல வருடங்களாக மாதம் ஒரு முறை நானும் மகனும் அங்கே போய்வந்திருக்கிறோம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண்மணிதான் மேனேஜர், கணக்கர், புகார் பிரிவு எல்லாம். என்னை "ஹனி" என்று அழைப்பார். மகன் அவரை "மேம்" என்பான். காட்சிக்கு வைத்திருந்த போன்களின் பொத்தான்களை மகன் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கும்வரை எங்களைக் கிளப்ப மாட்டார். அவர் என்னிடம் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் அத்தனையும் தமிழாகவே காதில் விழுகிறது.

அவர் சொன்னது இது. ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனிக்கு எடுத்துப் போகும் வசதி பெரிய ஊர்களில் வந்து நெடுங்காலமாகிறது. கிராமத்துக் கம்பெனிகளுக்கு ஒரு சலுகை. வேறு கம்பெனி யாராவது எழுத்தில் கேட்கிறவரை அவர்கள் அந்த வசதியைச் செய்ய வேண்டியதில்லை. கேட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் செய்தாக வேண்டும். அதுவும் முடியாவிட்டால் தொலைபேசிக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மாநில ஆணையத்திடம் கூடுதல் அவகாசம் கேட்கலாம்.

"யாராவது கேட்டிருக்காங்களா?" என்றேன்.

"செல்போன் கம்பெனிக்காரங்க கேட்டுட்டாங்க ஹனி. போன மாசம்தான் லெட்டர் வந்துச்சு. ஏப்ரலுக்குள்ள முடிக்கணும். எங்க டெக்னீஷியன் அன்னியிலேருந்து என்கிட்ட சரியாப் பேசறதில்ல."

நான் சுவர் காலண்டரைப் பார்த்தேன். பிளானோ மையத்தில் இடம் மே மாதம். வீடு விற்பதும் மே மாதம். ஏப்ரல் கெடு எங்களுக்காகவே வைத்ததுபோல் இருந்தது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

பிப்ரவரியில் அந்தக் கம்பெனி மாநில ஆணையத்திடம் இன்னும் ஒரு வருடம் அவகாசம் கேட்டது. மனுவை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் நானே படித்தேன். இயந்திரத்தை மாற்ற வேண்டும், ஆள் போதாது என்றெல்லாம் இருந்தது. அடியில் அந்தப் பெண்மணியின் கையெழுத்து.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்தது. இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். என் மகனுக்குத் தெரிந்த ஒரே எண் அது, ஆகஸ்டில் அவன் தொலைந்துபோனால் இவர்களுடைய இயந்திரம் தயாராகும்வரை காத்திருப்பானா என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசிப் பத்தியில், நாடு முழுக்க முடிந்துபோன காரியத்தை இவர்கள் வெறும் சோம்பலால் தள்ளிப் போடுகிறார்கள் என்றும் எழுதிவிட்டேன்.

ஆணையம் ஒரு வருடத்துக்குப் பதில் நான்கு மாதம் கொடுத்தது. கெடு ஆகஸ்ட் நடுவாக்கில் வந்து நின்றது. வீடு கைமாறுவது மே. இடையில் மூன்று மாதம் எண் எங்கே வாழும்?

அதன் பிறகு நான் அந்த அலுவலகத்துக்குப் போகவில்லை. அவர் என் கடிதத்தைப் படிக்காமலா இருப்பார்? கணவரை அனுப்பினேன். அவர் திரும்பி வந்து சொன்னார்:

"அந்தம்மாவே ஒரு வழி சொல்லிட்டாங்க. லைனை என் கிளினிக் பின்ரூமுக்கு மாத்திடறாங்களாம். அங்க ரிங் ஆகறதுக்குப் பதிலா உன் செல்லுக்குத் திருப்பி விட்டுடுவாங்களாம். நான் ஜூலை கடைசி வரைக்கும் இங்கதானே இருக்கேன். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் லைன் அங்கேயே கெடக்கட்டும்."

"லெட்டர் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"இல்லையே. பையன் எப்படி இருக்கான்னு கேட்டாங்க."

அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மே மாதம் நானும் மகனும் பிளானோவுக்கு வந்துவிட்டோம். முதல் நாளே அவன் புது வீட்டின் சமையலறையில் நின்று எண்ணை அழுத்தினான். நூற்றுக்கணக்கான மைல் தாண்டிப் போய் அந்த எண் என் கைபேசியில் திரும்பி வந்து ஒலித்தது. "ஹோம்," என்றான். எதிரிலேயே நின்றுகொண்டு நானும் "ஹோம்" என்றேன். அவன் சிரித்தான்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும்.

எங்களைப் போல விசாவில் வந்து குடியேறியவர்களின் வீட்டில் ஒரு தடிமனான கோப்பு இருக்கும். எந்த ஊரில் எப்போது இருந்தோம், எதை எப்போது மூடினோம், அதற்கு என்ன சாட்சி என்று எல்லாத் தாளும் அதில் இருக்கும். என்றைக்காவது யாராவது ஒரு அதிகாரி கேட்பார் என்ற பயம். குடியுரிமை வந்த பிறகும் அந்தப் பயம் போவதில்லை. எனக்கு அது கொஞ்சம் அதிகம். வீடு மாறும்போதெல்லாம் பயன்படுத்த எக்ஸெலில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். சிகாகோவில் கணவர் பயிற்சி டாக்டராக இருந்தபோது போட்டது. மின்சாரம், தண்ணீர், எரிவாயு, குப்பை, போன். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம்: ரத்து செய்தாயிற்றா, உறுதிக் கடிதம் வந்ததா. எல்லாக் கட்டத்திலும் குறி விழாமல் நாங்கள் எந்த ஊரையும் விட்டதில்லை.

கணவர் ஜூலை கடைசியில் கிளினிக்கை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவருக்கு அந்தப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பினேன். எண் மாறி முடியும்வரை பழைய இணைப்பை நாமாக ரத்து செய்யவே கூடாது. செய்தால் எண் செத்துவிடும், பிறகு அதை மாற்ற முடியாது. இதைச் செல்போன் கடைக்காரர் படிவத்தில் விரலை வைத்தே காட்டியிருந்தார். நான் தலையாட்டியிருந்தேன். பட்டியலில் 'போன்' என்ற வரியை எடுக்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் டாக்டர். எழுதியிருப்பதை எழுதியபடி செய்கிறவர். திங்கட்கிழமை காலை தொலைபேசி கம்பெனியின் இணையப் பக்கத்துக்குப் போய் இணைப்பை ரத்து செய்தார். கட்டத்தில் குறி போட்டார்.

செவ்வாயன்று என் கைபேசியில் அந்த அலுவலக எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. புதன்கிழமை இரண்டு முறை. எடுக்கவில்லை. கடிதத்தைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று பயந்தேன். இத்தனை மாதம் கழித்தா என்று யோசிக்கிற புத்தி கூட வரவில்லை. குரல் பதிவு விடவும் வழியில்லை. மகனின் பழைய டீச்சர்கள் விட்ட பதிவுகளை அழிக்க மனசு வராமல் அந்தப் பெட்டியை நிரப்பி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு வேன் வாசலில் வந்து நின்றது. நல்ல வெயில். டிரைவர் கதவைத் திறந்தார். உள்ளே மகனின் சாப்பாட்டுப் பை இருந்தது. அவன் இல்லை.

டிரைவரின் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. முந்தைய நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரை இறக்கி வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். அந்த இரண்டு நிமிடத்தில் இவன் மறுபக்கக் கதவு வழியாக இறங்கியிருக்கிறான். அவன் எப்போதும் கடைசி வரிசையில் சாய்ந்து படுத்துத்தான் வருவான் என்பதால் ஆள் இல்லாதது கண்ணாடியில் தெரியவில்லை. செல்போன் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது.

அந்த நிறுத்தத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் டோல்வே, சுங்கம் கட்டிப் போகும் விரைவுச் சாலை. அதன் ஓரத்து ரோட்டில் கார்கள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். டிரைவர் தன் அலுவலகத்துக்குப் பேசிக்கொண்டே வேனைத் திருப்பினார். நான் வாசலில் நின்று போலீசுக்காக எண்களை அழுத்த ஆரம்பித்தேன். இரண்டு இலக்கம் அழுத்தியிருப்பேன். திரையில் அந்த அலுவலகத்தின் எண் வந்து மறைத்தது. அந்த வாரத்தில் நான்காவது முறை.

கட்டை விரல் சிவப்பு வட்டத்தின் மேல் போய்விட்டது. வெட்டிவிட்டுப் போலீசைக் கூப்பிடத்தான் போனேன். எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. விரல் வழுக்கியதோ என்னவோ.

"டாக்டர் வீட்டம்மாதானே? வச்சிடாதீங்க. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பையன் நல்லா இருக்கான். என் இன்னொரு காதுல இருக்கான்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஹோம்னு ஒரு வார்த்தைதான் சொன்னான். யாருன்னு நான் கேக்கவே இல்ல. எங்க இருக்கேன்னு கேட்டேன், அதுக்குப் பதில் வரல. பக்கத்துல யாராவது இருந்தா போனைக் குடுன்னேன், அதுவும் மாட்டேங்கறான்."

"குடுக்க மாட்டான். அவன் போட்ட கால்னா அவன்தான் பேசுவான்."

"சரி. ஆனா ஏதோ படிச்சுகிட்டே இருக்கான் ஹனி. அரிசி விலை படிக்கறான். நிறைய அரிசி. இப்ப வேற ஏதோ, நான் ஒவ்வொரு எழுத்தா சொல்றேன். ஐ, டி, எல், ஐ. அப்புறம் பேட்டர். அது என்ன, கேக் மாவா?"

"இட்லி மாவு," என்றேன். எழுந்து நின்றேன். "அதுக்குக் கீழே என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொல்லுங்க."

அவர் இன்னொரு காதில் பேசுவது கேட்டது. மகனின் ஏற்ற இறக்கமில்லாத குரல் தூரத்தில் பூச்சி ரீங்காரம் போல் வந்தது. அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"செவ்வாய், வெள்ளி மட்டும். டப்பாவை அமுக்கிப் பாக்காதீங்க. 'பாக்காதீங்க'வுக்கு அடியில ரெண்டு கோடாம். இவ்வளவும் படிச்சான்."

பிளானோவில் இந்தியக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அட்டை ஒரே ஒரு கடையில்தான் இருந்தது. போன மாதம் அதன் முன்னால் நின்று நானே ஒரு டப்பாவை அமுக்கிப் பார்த்து, கடைக்கார அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு மறுநாள்தான் இரண்டு கோடு ஏறியது.

"தெரிஞ்சிடுச்சு. பத்து நிமிஷத்துல போயிடுவேன்."

"நிதானமா ஓட்டுங்க. நான் இவனைப் பேச வச்சுகிட்டிருக்கேன். நம்ம ஊர் தண்ணி டேங்குக்குப் பெயின்ட் அடிக்கறாங்க, அதைச் சொல்லிகிட்டிருக்கேன். எங்கயும் போக மாட்டான்."

டிரைவருக்கும் மையத்துக்கும் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். டோல்வேயைத் தவிர்த்து உள் ரோடுகளிலேயே போனேன்.

கடைக்கு முந்தைய திருப்பத்தில்தான் அதைக் கவனித்தேன். வீடுகளுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் டேங்க், நான்கு கால்களில் உயரமாக நின்றிருந்தது. எங்கள் ஊரில் தொலைபேசி அலுவலகத்துக்குப் பின்னால் நிற்பதைப் போலவே இருந்தது. வேன் ஜன்னலிலிருந்து அவன் பார்த்தது அதைத்தான். ஊருக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து இறங்கியிருக்கிறான். அருகில் போன பிறகு ஊர் இல்லை என்று தெரிந்திருக்கிறது. உடனே தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறான். முதலில் கண்ணில் பட்ட கடைக்குள் போய்ப் போன் கேட்டிருக்கிறான்.

உள்ளே அவன் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. போனைக் காதோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"உங்க பையனாக்கா?" என்றார் கடைக்கார அம்மா. "போன் குடுங்கன்னாரு, குடுத்துட்டேன். திருப்பித் தரவே மாட்டேங்கறாரு. ரெண்டு கஸ்டமர் கூப்ட்டு எங்கேஜ்னு நேர்லயே வந்துட்டாங்க. தண்ணி குடுத்தேன், அதை மட்டும் வாங்கிக் குடிச்சாரு."

அந்த அம்மா கல்லாவை விட்டு வெளியே வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மகன் என்னைப் பார்த்தான். "ப்ளூ," என்றான். "டேங்க் ப்ளூ." அந்தப் பெண்மணி சொன்ன பெயின்ட்டின் நிறம். பிறகு போனை என்னிடம் நீட்டினான். தன் அழைப்பை அவன் இன்னொருவருக்குக் கொடுத்ததை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

நான் போனைக் காதில் வைத்தேன்.

"வந்துட்டீங்க," என்றார் அந்தப் பெண்மணி. "மூச்சு விடற சத்தம் கேக்குது. போதும், ஒண்ணும் பேச வேண்டாம். வீட்டுக்குப் போயி ரெண்டு பேரும் ஏதாவது சாப்பிடுங்க. அப்புறமா கூப்பிடுங்க. இந்தத் தடவையாவது எடுத்துப் பேசுங்க."

வீட்டுக்கு வந்து அவனுக்குத் தயிர்சாதம் கொடுத்து, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிட்டேன். அப்போதுதான் எல்லாம் தெரிந்தது.

திங்கட்கிழமை டாக்டரின் ரத்துக் கோரிக்கை அவருடைய கணினியில் வந்து விழுந்திருக்கிறது. ரத்தான எண்ணுக்கு யாராவது கூப்பிட்டால், அப்படி ஒரு எண் இல்லை என்ற பதிவுதான் ஒலிக்கும். அதுதான் வழக்கம். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்யாமலிருக்க அவருக்கு அதிகாரம் இல்லை. வாடிக்கையாளர் கையெழுத்தில்லாமல் திரும்பக் கொடுக்கவும் அதிகாரம் இல்லை.

"கெடுவுக்கு ரெண்டு வாரம் இருக்கு. போன வருஷத்துலேருந்து அதுக்காக உசிரை விட்டவங்க இப்ப ரத்து பண்ணுவாங்களா? எனக்கு அது சரியாப் படல. டாக்டர் நம்பருக்குப் பண்ணினேன், நோயாளியோட இருக்கார், சனிக்கிழமை பிளானோ போயிடுவார்னாங்க. உங்களுக்குப் பண்ணினேன். நீங்க எடுக்கல. நேத்து உங்க பிளானோ விலாசத்துக்குப் படிவம் போட்டிருக்கேன், நாளைக்கு வந்துடும். அதுவரைக்கும் அந்த எண்ணைச் சும்மா விட மனசில்ல. என் மேஜையில ரெண்டாவது லைன் ஒண்ணு காலியாத்தான் கெடக்குது. அதுல கட்டிவிட்டேன். அஞ்சு மணிக்கு மேல என் வீட்டுக்கு வர்ற மாதிரி வச்சேன்."

மூன்று நாள் அந்த எண்ணை அவர் தன்னோடு வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

"நான் ஏன் போனை எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"கொஞ்சம் தெரியும்."

"நான் ஆணையத்துக்கு எழுதினது..."

"படிச்சேனே. நல்ல லெட்டர். அந்தச் சோம்பேறிங்கற வரியை எங்க டெக்னீஷியன் பெருசா அச்சடிச்சு காபி மெஷின் மேல ஒட்டி வச்சிருக்கான். தினமும் அதைப் பார்த்துட்டுத்தான் வேலைக்குப் போறான்."

"அதை வாபஸ் வாங்க முடியுமா? நான் இன்னொண்ணு எழுதறேன்."

"எதுக்கு? நீங்க எழுதலன்னா நாங்க கேட்ட ஒரு வருஷமும் குடுத்திருப்பாங்க. ஒரு வருஷம் இருந்தா பதினோரு மாசம் சும்மா இருந்திருப்போம். எங்க பேரைத்தான் தப்பா எழுதியிருந்தீங்க. அது மட்டும் கொஞ்சம் வருத்தம்."

நான் சிரித்தேன். சிரிக்க ஆரம்பித்தது அழுகையாக முடிந்தது. அவர் போனை வைக்காமல் காத்திருந்தார்.

சனிக்கிழமை கணவர் வந்து சேர்ந்தார். வியாழக்கிழமையே போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். பெட்டியைக் கூட இறக்காமல் மேஜையில் வந்து உட்கார்ந்தார்.

"நீ அனுப்பின லிஸ்ட்லதான் இருந்துச்சு," என்றார்.

"ஆமாங்க. நான்தான் போட்டேன்."

"நான் கேட்டிருக்கணும். ரத்து பண்ணு, பண்ணாதேன்னு தினமும் நூறு மருந்துக்கு யோசிக்கறேன். இதுக்கு யோசிக்கல."

மகன் வந்து அப்பாவின் சட்டைப்பையிலிருந்த பேனாவில் இருந்ததைப் படித்தான். முந்தைய நாள் தபாலில் வந்திருந்த படிவத்தில் அவர் அதே பேனாவால் கையெழுத்துப் போட்டார். நான் எக்ஸெல் பட்டியலைத் திறந்து 'போன்' வரியை அழித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முழுக் கோப்பையும் அழித்தேன்.

ஆகஸ்ட் நடுவில் அந்த நாள் வந்தது. காலையில் அவரே கூப்பிட்டார்.

"எங்க கம்பெனியிலேருந்து வெளியே போற முதல் எண் உங்களோடது. டெக்னீஷியன் புதுச் சட்டை போட்டுகிட்டு வந்திருக்கான். பொத்தானை அழுத்தப் போறோம். தப்பாப் போச்சுன்னா மறுபடி என் மேஜைக்கே வந்துடும், பயப்படாதீங்க."

தப்பாகப் போகவில்லை. மதியத்துக்குள் அந்த எண் என் கைபேசிக்குச் சொந்தமாகிவிட்டது. இனி யார் அழைத்தாலும் அது நேராக என்னிடம் வரும். ஒரு வாடிக்கையாளரை இழந்த கம்பெனி அன்றைக்குக் கேக் வெட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மாலையில் மகன் வந்ததும் சோதித்துப் பார்த்தோம். அவன் சமையலறையில் நின்று அப்பாவின் போனில் பத்து இலக்கங்களையும் அழுத்தினான். என் கையில் ஒலித்தது. எடுத்தேன்.

"ஹலோ."

எதிரில் நின்ற அவன் முகம் சுருங்கியது.

"நாட் யூ," என்றான். "மேம்." வைத்துவிட்டான்.

ஏழு வயதிலிருந்து அந்த எண்ணில் என்னைத் தவிர யாரும் எடுத்ததில்லை. ஒரு மாலையில், ஒரு கடையில், அரை மணி நேரம் அவனோடு பேசிய குரல் அதற்குள் குடியேறிவிட்டது. எனக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னைத் தவிர இன்னொருவர் எடுத்தாலும் அது ஹோம்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பிறகு அவனுக்கு யார் என்று நான் விழித்திருந்த இரவுகளை நினைத்துக்கொண்டேன்.

அலுவலகத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒரு நிமிஷம் வைங்க," என்றார்.

வைத்தேன். சில நொடிகளில் என் கைபேசி ஒலித்தது. அவன் எண்ணை அவர் தன் மேஜையிலிருந்து அழுத்தியிருந்தார். எடுக்காமல் மகனிடம் நீட்டினேன். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தான். அவர் ஏதோ கேட்டார் போலிருக்கிறது. பிறகு எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதங்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அவருக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தான். பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட். வேன் வரும் நேரம். குக்கர் கேஸ்கட் வாங்க வேண்டும்.

இப்போதும் வியாழக்கிழமைதோறும் நான்கு மணிக்கு அவர் அந்த எண்ணைக் கூப்பிடுகிறார். அந்த நேரத்தில் நான் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. வேன் வருகிறதா என்று வாசலில் நின்று பார்க்கிறேன். அவன் இறங்கி வருகிறான். போனை நான் எடுப்பதில்லை, அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.